ஓடக்காரியின் கடைசி வசனம்

அந்த வரியைப் படித்ததும் வெங்கலம் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். தட்டச்சில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தாள்.

வெங்கலம் என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர். அவள் ரகசியம் பேசினால்கூடப் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்ப்பார். பின்னால் அந்தக் குரலே அவளுக்குப் பிழைப்பாயிற்று. 'பனிவாசல்' என்ற வெளிநாட்டு மாயாஜாலத் தொடரில் வரும் ஓடக்காரிக்கு ஏழு வருஷமாக அவள்தான் தமிழில் குரல் கொடுத்தாள். உறைந்த ஏரிக்கு அடியில் இருக்கும் பனியரசன் நாட்டுக்குத் தம்பியைப் பறிகொடுத்தவள் அந்த ஓடக்காரி. அவனை மீட்காமல் கரையேற மாட்டேன் என்று முதல் பாகத்தில் சபதம் போட்டுவிட்டு, ஆறு பாகம் முழுக்கத் துடுப்பும் கையுமாக அலைந்தவள். ஊரே அவள் பின்னால் அலைந்தது.

இப்போது ஏழாம் பாகத்தின் கடைசிக் காட்சி. பனியரசன் பக்கத்தில் ஓடக்காரி கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் தம்பி கிடக்கிறான். அவனைப் பார்த்து அவள் சொல்ல வேண்டிய வசனம்: "எனக்குத் தம்பி வேண்டாம்." அதோடு பனிவாசலின் கதவு மூடுகிறது. கதை முடிந்தது.

"சார், பக்கம் ஏதாவது மாறிப் போச்சா?" என்று மைக்கில் கேட்டாள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வசனகர்த்தா தலையைச் சொறிந்தார். தமிழில் எழுதுவதும் அவர்தான், பேச வைத்து வேலை வாங்குவதும் அவர்தான். "மாறலம்மா. முடிவே அதுதான்."

"ஏழு வருஷம் தேடினவ சார். போன எபிசோடுல அழுதுக்கிட்டு இருந்தா, இதுல கிரீடத்தோட உக்காந்திருக்கா. நடுவுல என்னதான் ஆச்சு?"

"அது எழுதினவனுக்கே தெரியாது போலிருக்கு. நமக்கு வாயசைவுதாம்மா கணக்கு. கதை அவங்க தலைவலி."

வாயசைவிலும் ஒரு சிக்கல் இருந்தது. மூலத்தில் அவள் சொல்வது 'எனக்குத் தம்பி இல்லை' என்றுதான். ஆனால் திரை முழுக்க அவள் முகம் மட்டும் நிற்கிற இடம் அது. பேசி முடிக்கும்போது அந்த நடிகையின் உதடுகள் ஒட்டிக்கொண்டு, இரண்டு விநாடி அப்படியே இருக்கும். 'இல்லை' என்று முடித்தால் குரல் வாய் திறந்து நிற்கும், படம் வாய் மூடி நிற்கும். அதனால்தான் வசனகர்த்தா 'வேண்டாம்' என்று போட்டிருந்தார். ம் என்று முடிந்தால் உதடு தானாக மூடிக்கொள்ளும்.

பதினொரு தடவை பேசிய பிறகுதான் அவர் சரி என்றார். வெளியே வரும்போது வசனத்தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். முடிவைப் பற்றிக் கட்டிய கணவனிடம்கூட மூச்சு விடக் கூடாது என்று தொடரின் ஆரம்பத்திலேயே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பூட்டி வைத்திருந்த கைபேசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கணவனிடம் சொல்லாமல் இருப்பது சுலபம். அவன் கப்பலில் இயந்திர அறை மெக்கானிக், போய் ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் இருந்தது நாத்தனார். அங்கேதான் கஷ்டம்.

நாத்தனார் கணவனைவிடப் பத்து வயது மூத்தவர். தையல் டீச்சர். பத்தொன்பது வயதில் அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்து, ஒன்பது வயதுத் தம்பியைத் தையல் மிஷின் பக்கத்திலேயே உட்கார வைத்து வளர்த்தவர். தம்பி ஆளாகட்டும், தம்பி ஆளாகட்டும் என்று வந்த வரன்களையெல்லாம் தள்ளிவிட்டார். தம்பி ஆளான பிறகு வரன் வருவது நின்று போயிருந்தது. 'வாயை வச்சுப் பொழைக்கிறவளா?' என்று கல்யாணத்துக்கு முன்பு வெங்கலத்தைப் பற்றி அவர் கேட்டது இவள் காதுக்கும் வந்து சேர்ந்தது. அதன் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் இருந்தது. 'பனிவாசல்' வந்த பிறகுதான் சேர்ந்து உட்காரப் பழகினார்கள். அதில் வருகிற ஒவ்வொரு கோட்டையின் பெயரும் வழியும் நாத்தனாருக்கு அத்துப்படி. சந்தேகம் வந்தால் வெங்கலமே அவரிடம்தான் கேட்பாள்.

ஒலிப்பதிவு முடிந்து ஒரு மாதத்தில் நாத்தனார் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கட்டிலும் ஜன்னலும் டிவியும்தான் அவருக்கு உலகம். அவரை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற நேரம் தவிர, வெங்கலத்துக்கும் அதேதான் உலகம்.

கடைசிப் பாகம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆறு வாரம் வந்தது.

"வாயைத் திறக்க வேண்டாம். தலையை மட்டும் ஆட்டு. தம்பி உயிரோட இருக்கானா?" என்றார் நாத்தனார் முதல் வாரமே.

"அண்ணி, நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"நீ போட்டே. உன் மூஞ்சி போடலையே. நான் மூஞ்சியைப் பாத்துக் கண்டுபிடிச்சுக்கறேன்."

அன்றிலிருந்து வெங்கலம் கட்டிலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, துணி மடிக்கிற சாக்கில் உட்கார்ந்தாள். முன்னால் தலையணையில் நாத்தனாரின் நரைத்த பின்னலும் டிவியும் தெரியும். "அவ கண்டிப்பா ஏரியை உடைச்சிடுவா பாரு. மூணாவது பாகத்துல கிழவி குடுத்த சங்கு இருக்கே, அது சும்மா குடுத்திருக்க மாட்டா" என்று நாத்தனார் சொல்லும்போதெல்லாம் இவள் துண்டை மடித்தாள். அந்தச் சங்கு கடைசிவரை வரப்போவதே இல்லை. அதை எழுதியவர்கள் மறந்தே போய்விட்டார்கள். மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள்.

இன்னொன்றையும் அவள் மறைத்துக்கொண்டிருந்தாள். கணவனுக்குத் துறைமுக நகரத்தில் கரை வேலை கிடைத்திருந்தது. 'நாம ரெண்டு பேரும் அங்க போயிடலாம். அக்காகிட்ட நேர்ல வந்து சொல்லிக்கறேன், அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே' என்று போனில் சொல்லியிருந்தான். இரண்டு பேச்சையும் உள்ளே வைத்துக்கொண்டு, அந்த இரண்டு அறை வீட்டில் காலையிலிருந்து ராத்திரிவரை அவள் நாத்தனாரின் முகத்தில் விழிக்காமல் நடமாடினாள்.

ஆறாவது ஞாயிறு வந்தது. கட்டிலுக்குப் பின்னால் அவள் துண்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய குரலிலேயே அந்த வசனம் அறையில் விழுந்தது. எனக்குத் தம்பி வேண்டாம். கதவு மூடியது.

நாத்தனார் பெயர்கள் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே டிவியை அணைத்தார். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். பிறகு, "என்னைச் செவுத்துப் பக்கம் திருப்பி விடு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை காபியை நீட்டியபோது கேட்டார்.

"எவ்வளவு நாளா தெரியும் உனக்கு?"

"மூணு மாசமா."

"நான் சங்கு சங்குன்னு சொல்லிக்கிட்டிருந்தப்போ தெரியும்."

"தெரியும் அண்ணி."

"பின்னாடி உக்காந்து சிரிச்சியா?"

"ஐயோ, இல்ல அண்ணி."

"அது கதை. போய்த் தொலையட்டும். எவனோ கெடுத்துட்டான். ஆனா அந்த வார்த்தையை உன் வாயால சொன்னே பாரு... என் வீட்டுல, என் தம்பி பொண்டாட்டி வாயால." நாத்தனார் டம்ளரை வாங்கவில்லை. "எடுத்துட்டுப் போ."

அதோடு பேச்சு நின்றது. ஒரு கரண்டியைக் கட்டிலோரம் வைத்துக்கொண்டார். கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர், இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மூன்று என்றால் கழிப்பறை. கோபத்தில் இருக்கிறவர்கள் வேறு அறைக்குப் போய்விடலாம், வெளியே போய்விடலாம். இவர்களுக்கு அதற்கும் வழியில்லை. பேசாத அண்ணியின் இடுப்பைச் சுற்றி இவள் கை போட வேண்டும். பிடிக்காத இவள் கழுத்தை அவர் கட்டிக்கொள்ள வேண்டும். உடம்பு துடைத்துவிடும்போது நாத்தனார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

வெளியே நிலைமை இன்னும் மோசம். நாத்தனாருக்கு வலி மாத்திரை வாங்க மருந்துக் கடையில் நின்று, "இதுல ஒரு அட்டை குடுங்க" என்றாள். முன்னால் நின்ற பெண் படாரென்று திரும்பினாள்.

"நீங்க... ஓடக்காரி தானே?"

வெங்கலம் இல்லை என்று தலையாட்டினாள். அதற்குள் இன்னும் நாலு பேர் திரும்பிவிட்டார்கள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க? மூலத்துல 'இல்லை'ன்னுதான் இருக்காம். நீங்கதான் 'வேண்டாம்'னு மாத்திட்டீங்களாமே?"

"எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாளா சரியா சாப்பிடல தெரியுமா?"

ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றி முன்னால் வந்தார். "ஏழு வருஷம்மா. என் அறுபதுல ஆரம்பிச்சேன். என் வயசுக்கு ஏழு வருஷம்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?" அவர் கத்தவில்லை. அதுதான் அவளைக் குத்தியது. மாத்திரையை வாங்காமலே வந்துவிட்டு, அடுத்த தெருக் கடையில் பெயரை எழுதிக் காட்டி வாங்கினாள். மறுநாள் பஸ்ஸில் டிக்கெட் கேட்க விரலைக் காட்டினாள். காய்கறிக் கடைக்காரர் அவளை ஊமை என்று நினைத்து ஒரு எலுமிச்சம்பழம் கூடப் போட்டார். வீட்டிலும் பேச்சில்லை, வெளியிலும் பேச்சில்லை. குரலை வைத்துப் பிழைத்தவள் நாள் கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

கோபம் நாளுக்கு நாள் அவள் பக்கமே திரும்பியது. எழுதியவர்கள் கடல் கடந்து எங்கேயோ இருந்தார்கள். இவள் குரல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அசலையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு துண்டு வீடியோ சுற்றியது. வசனத்தை மாற்றிப் பேசு என்று லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். வியாழக்கிழமை ஸ்டூடியோ மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை வந்து 'இல்லை'ன்னு பேசிக் குடுத்துடுங்க. அப்புறம் ஒரு சின்னக் கடிதம். ஒலிப்பதிவுல நீங்களா வார்த்தையை மாத்திட்டதா ஒரு வரி. கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது."

"நானா மாத்தலையே சார். தாள்ல இருந்ததைத்தானே பேசினேன்."

"எனக்குத் தெரியாதா? ஆனா தாள் போட்டது கம்பெனி. கம்பெனி தப்புப் பண்ணுச்சுன்னு சொல்ல முடியுமா? அடுத்த தொடருக்கு உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன். வெளியில மட்டும் எதுவும் பேசிடாதீங்க, ஒப்பந்தம் இருக்கு."

வசனகர்த்தாவுக்குப் போன் செய்தாள். "இந்த வயசுல என் பேரு கெட்டா நான் எழுந்திரிக்க முடியாதும்மா" என்றார். "உனக்கு வயசு இருக்கு." அவரைத் திட்டக்கூட அவளுக்கு மனசு வரவில்லை.

அன்று மத்தியானம் சமையலறையிலிருந்து வந்தபோது, நாத்தனார் அந்தக் கடைசிக் காட்சியைச் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் திரும்ப ஓட்டினார். என் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வெங்கலம் திரும்பி நடந்தாள். கரண்டி நான்கு தடவை தட்டியது. நான்குக்கு அர்த்தம் எதுவும் இல்லை.

"வாய் மூடுது" என்றார் நாத்தனார். மூன்று நாளைக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

"என்ன அண்ணி?"

"அவ வாய் மூடுதுன்னு சொல்றேன். 'இல்லை'ன்னு சொல்லிப் பாரு. உதடு ஒட்டுதா? ஒட்டாது. அதனாலதான் 'வேண்டாம்'னு போட்டாங்களா?"

வெங்கலம் தலையாட்டினாள்.

"அதை ஏன்டி அன்னைக்கே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

நாத்தனார் படத்தை நிறுத்தினார். "கீழ் வீட்டுப் பொண்ணு போன்ல படிச்சுக் காட்டினா. உன்னையக் கண்டபடி திட்டறாங்க. ஏதோ கடிதம் கேக்கறாங்களாமே? நீ போன்ல பேசினது கேட்டுச்சு. கட்டில்ல கிடக்கறவளுக்குக் காதுதான் வேலை." பிறகு திரையைக் காட்டினார். "காலையிலிருந்து பாக்கறேன். 'வேண்டாம்'னு சொல்ற முகமா அது? கண்ணைப் பாரு. அந்த நடிகைக்கும் இந்த முடிவு பிடிக்கல. அவ மனசுல வேற என்னமோ சொல்றா. ம்ல முடியற மாதிரி வேற வார்த்தையே கிடைக்கலையா உங்க ஆளுக்கு? 'என் தம்பி போகட்டும்'. எப்படி இருக்கு?"

வெங்கலம் மனசுக்குள் அசைத்துப் பார்த்தாள். தம்பியில் உதடு சேருகிற இடத்தில் படத்திலும் சேர்ந்தது. கடைசி ம் சரியாக விழுந்தது. ஏழு வருஷம் இந்தத் தொடருக்கு எழுதிய வசனகர்த்தாவுக்கே இது தோன்றவில்லை.

"தன்னைக் குடுத்துட்டு அவனை விட்டுடச் சொல்றா. அப்போ கிரீடத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கு" என்றார் நாத்தனார். "சொல்லு, பாக்கலாம்."

"இப்பவா?"

"பின்ன, மூணு மாசம் கழிச்சா?"

டிவி ஓடியது. வெங்கலம் கட்டிலோரம் நின்று, ஓடக்காரியின் குரலில், "என் தம்பி போகட்டும்" என்றாள்.

"சீக்கிரம் முடிச்சிட்டே. மறுபடியும்."

மறுபடி சொன்னாள். "இழுக்காதே. அவ அழ மாட்டா. அழுகையை முழுங்கிட்டுச் சொல்லுவா." மறுபடி. "இப்ப சரி. இன்னும் ஒருதரம்." நாலாவது தடவை சொல்லி முடித்தபோது, ஓடக்காரியின் குரல் தொண்டையில் இருக்கும்போதே, அவளுடைய சொந்தக் குரலும் வெளியே வந்துவிட்டது.

"அண்ணி, அவருக்குத் துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு. நாங்க ரெண்டு பேரும் அங்க போயிடலாங்கறாரு. உங்ககிட்ட நேர்ல வந்து சொல்றேன்னு என்னைச் சொல்ல வேண்டாம்னுட்டாரு."

நாத்தனார் ரிமோட்டை அழுத்தினார். திரையில் ஓடக்காரி பாதி மூடிய உதட்டோடு நின்றாள்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"அவன் போன்ல என்கிட்ட ரொம்ப அன்பாப் பேசறான், ரெண்டு மாசமா. சின்ன வயசுல மிஷின் ஊசியை உடைச்சிட்டும் அப்படித்தான் பேசுவான்." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். "ஆம்பளைக்கு அதைச் சொல்ல ஒரு வாய் இல்ல. உன்னைய நடுவுல மாட்டி விட்டிருக்கான். போங்கன்னும் சொல்ல மாட்டேன், இருங்கன்னும் சொல்ல மாட்டேன். இப்போ என்னைக் கொஞ்சம் திருப்பி விடு, இடுப்பு வலிக்குது."

சனிக்கிழமை வெங்கலம் அந்தப் புதிய வசனத்தை ஸ்டூடியோவில் சொன்னாள். வசனகர்த்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும்மா எழுதினது?" என்றார் மெதுவாக. மேனேஜர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கதையே மாறிடுமே."

"கதை மாறினா ஜனங்களுக்குச் சந்தோஷம்தானே சார்?"

"ஜனங்களுக்குச் சந்தோஷம். ஒப்பந்தம் போட்டவங்களுக்கு? 'இல்லை'ன்னு இருக்கு, 'இல்லை'ன்னே வரணும்."

அவள் 'இல்லை' என்று பேசிக் கொடுத்தாள். அது அவள் வேலை. திரையில் உதடு ஒட்டிக்கொண்டு நிற்க, குரல் மட்டும் திறந்த வாயோடு வெளியே தொங்கியது. கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. மேனேஜர் பேனாவை இரண்டு தடவை நகர்த்தி வைத்தார். "யோசிச்சுக்குங்க" என்றார். அவள் யோசித்துத்தான் வந்திருந்தாள்.

திருத்திய எபிசோடு வந்தபோது, வாய் ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் போகுது என்று அதையும் கிழித்தார்கள். நாலு வாரத்தில் வேறு எதற்கோ கோபப்படப் போய்விட்டார்கள். அவள் கடையில் பேச ஆரம்பித்தாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அடுத்த தொடருக்கு ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு வரவில்லை. வேறொரு பெண் பேசுகிறாள் என்று கேள்விப்பட்டாள். கைபேசிச் செயலி ஒன்றுக்குக் குழந்தைக் கதைகள் படித்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. அதில் நரி, கரடி, இரண்டு முயல், எல்லாம் அவளே.

கணவன் வர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. துறைமுகத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. நாத்தனார் வாக்கர் பிடித்துக் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடந்தார். திரும்பி வர முடியாமல் அங்கேயே நின்று கூப்பிடுவார். இவள் போய் அழைத்து வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுத் தொடர் ஆரம்பித்தது. நாத்தனார் பார்க்கவே போவதில்லை என்று காலையிலிருந்து சொல்லிவிட்டு, ஆறு மணிக்கு ரிமோட்டைத் தேடினார். வெங்கலம் கட்டிலில் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"இவ குரல் நல்லாவே இல்ல" என்றார் நாத்தனார்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. மூச்சு எங்க விடணும்னு இன்னும் பழகல."

திரையில் ஒரு வீரன் காயத்தோடு குதிரையிலிருந்து சரிந்து விழுந்தான்.

"இவன் செத்துடுவானா?"

"தெரியல அண்ணி."

"நெஜமாவே தெரியாதா?"

"நெஜமாவே தெரியாது."

நாத்தனார் கழுத்தைத் திருப்பி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். அதில் எதுவும் இல்லை என்று தெரிந்ததும், தள்ளி உட்கார் என்று காலால் மெதுவாக இடித்துவிட்டு, டிவி பக்கம் திரும்பினார்.